கூட்டத்தில் நின்றவளின் இருக்கை

வெள்ளோட்டுப்பாளையம் மரகதம் தியேட்டரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குப் போன நூற்றுப் பதினோரு பேரும் ஆளுக்கொரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள் என்பதும், வந்தவர்களில் ஒருவர்கூடப் பயந்து ஓடாமல் வாசலிலேயே நின்று தியேட்டர்க்காரர் சென்னியப்பனோடு மல்லுக்கு நின்றார்கள் என்பதும், அந்த ஊர்க்காரர்களைத் தெரிந்தவர்களுக்குப் பெரிய அதிசயமாகப் படாது. வர வேண்டிய புதுப்படம் கோர்ட்டில் மாட்டிக்கொண்டதால், முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால் அதே ஊரில் எடுத்த 'மேட்டுத்தெரு மருமகன்' என்ற பழைய படத்தைச் சென்னியப்பன் போட்டிருந்தார். ஒரே திரை, ஒரே படம். ஆனால் ஒவ்வோர் இருக்கைக்கும் படத்திலிருந்து ஓர் ஆள் ஒதுக்கப்பட்டிருந்தார். அந்த ஆளின் கண் எதைப் பார்த்ததோ அதுதான் திரையில் தெரிந்தது, அந்த ஆளின் மனசு எதை முணுமுணுத்ததோ அதுதான் காதில் விழுந்தது, அந்த ஆள் இல்லாத காட்சிகளில் திரை சலவை வேட்டி மாதிரி வெறும் வெள்ளையாக நின்றது.

கதாநாயகனின் ரசிகர்கள் முண்டியடித்துப் பிடித்த நடு இருக்கையில் கதாநாயகனின் முகமே தெரியவில்லை, அவர் சவரம் பண்ணிக்கொள்ளும் காட்சியில் கண்ணாடியில் ஒரு கன்னம் தெரிந்ததோடு சரி. ரேஷன் கடை எழுத்தருக்கு வண்டிமாடு வாய்த்தது. இரண்டேகால் மணி நேரம் நுகத்தடியையும் புல்லையும் பார்த்துவிட்டு வந்தவர், மாட்டுக்கு மனசில் ஓடுவது அத்தனையும் ஈயைப் பற்றித்தான் என்று சொன்னார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு வில்லன் கிடைத்தார். படம் முழுக்கப் பல்வலியோடு அலைந்த அந்த மனிதர், ஊர் பேர் தெரியாத ஒருத்தனுக்கு மகளைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதைத் தவிர வேறென்ன குற்றம் செய்தார் என்று அவர் வாசலில் நின்று எல்லோரையும் கேட்டார்.

ஒரு வாரத்துக்கு என்று போட்ட படம் மூன்று வாரம் ஓடியது. ஊர் அதற்குள் இந்தச் சங்கதியைத் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. பேசாமல் இருந்த மாமியாரையும் மருமகளையும் அவரவர் எதிராளியின் இருக்கையில் உட்காரவைத்தார்கள், சண்டை தீரவில்லை என்றாலும் சண்டையின் வாசகம் மாறியது. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, வாக்குமூலம் கொடுக்க வந்தவரிடம், நீங்க எந்த சீட்டுல உக்காந்து சொல்றீங்க என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார். காய்கறிச் சந்தையில் தக்காளிக்காரியிடம் அழுகல் என்று சொன்னால், உங்க சீட்டுல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும், இக்கட்டால, என்ற பக்கமா வந்து பாருங்க என்றாள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எரிச்சலில் வெந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர், கலைக்கல்லூரித் தமிழ்த்துறையில் வேலை பார்க்கும் கனகமணி. பத்தொன்பது வருசமாகக் 'கதையியலும் திரைப்படமும்' என்ற தாளை அவர்தான் நடத்துகிறார். சொல்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர், இரண்டும் ஒன்றல்ல. கேமரா யாருடைய தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள், யாருக்குப் பக்கத்தில் அது போகவே இல்லை என்றும் பாருங்கள் என்று பத்தொன்பது வருசமாகத் தொண்டை வற்றச் சொல்லி, ஒவ்வொரு ஏப்ரலிலும் 'இக்கதை யாருடைய பார்வையில் நிகழ்கிறது, விளக்குக' என்று கேள்வி வைத்து, ஒவ்வொரு மே மாதமும் 'இக்கதை ஆசிரியரின் பார்வையில் மிகச் சிறப்பாக நிகழ்கிறது' என்ற பதிலைத் திருத்தி ஓய்ந்துபோனவர் அவர். இப்போது ஊரில் உள்ளவர்கள் அத்தனை பேரும், நேற்று ராத்திரி தாங்களே கண்டுபிடித்தது போல, அதையே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பால்காரர் சொன்னார். பஸ் கண்டக்டர் சொன்னார். மாணவர்கள் விடைத்தாளில் 'இக்கதை ஈ வரிசை ஒன்பதாம் இருக்கையின் பார்வையில் நிகழ்கிறது' என்று எழுதி, அடிக்கோடும் போட்டார்கள்.

இரண்டாவது வாரம் சென்னியப்பன் ஒரு நீளத் தாளைச் சுருட்டிக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டார். எந்த இருக்கையில் யார் என்று பார்த்தவர்களைக் கேட்டு அவரே எழுதிய பட்டியல் அது, டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், தப்பு இருந்தால் மேடம்தான் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றார். கனகமணி முடியாது என்று சொல்ல வாயெடுத்து, மூன்று இருக்கைகளுக்கு நேராக வெறுமனே 'வில்லன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பொறுக்க மாட்டாமல் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரே ஆள் எப்படி மூன்று இடத்தில் இருப்பார், ஒருவர் வில்லன், ஒருவர் வில்லனின் தம்பி, இன்னொருவர் கணக்குப்பிள்ளை என்று முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்.

பட்டியலின் பின்பாதி வேறு மாதிரி இருந்தது. படத்தில் கதாநாயகன்மேல் திருட்டுப்பழி சுமத்தி அவரை ஆலமரத்தில் கட்டிவைக்கிற பஞ்சாயத்துக் காட்சி ஒன்று உண்டு, அதில் கூட்டமாக நின்ற ஐம்பத்து மூன்று பேரும் இந்த ஊர் ஜனங்கள். கதை எழுதியவர் கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் மனசு எழுதிக் கொடுத்திருந்தார், கூட்டத்துக்கு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே அவர்கள் அவரவர் சொந்த மனசோடுதான் நின்றிருந்தார்கள், அந்த இருக்கைகளில் கேட்டது அவர்களுடைய சொந்தக் குரல். செத்துப்போன தகப்பனின் குரலைக் கேட்க மகன்கள் வந்தார்கள். அண்ணன் மனசில் தங்கச்சி இருக்கிறாளா என்று பார்க்கத் தங்கச்சிகள் வந்தார்கள். இரண்டு மணி நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்து, நாற்பது செகண்டு கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

கனகமணியின் சிவப்புப் பேனா அந்தப் பெயர்களின் மேல் ஒவ்வொன்றாக இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றது. 'ஜே 14 – பூவாத்தாள், பித்தளைக் குடத்தோடு நிற்பது.'

பூவாத்தாள் அவருடைய அம்மா. ஷூட்டிங் முடிந்த மறுநாள் வீட்டை விட்டுப் போனவள். அப்போது கனகமணிக்கு எட்டு வயசு. சினிமாக் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. யாரோடு என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அப்பா நாச்சிமுத்து, நாலு தறி வைத்திருந்தவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மறுகல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல், மகளை முதுகலை வரை படிக்கவைத்து, பதினோரு வருசத்துக்கு முன்னால் கண்ணை மூடினார். பூவாத்தாள் இரண்டு தடவை வந்திருக்கிறாள். ஒரு தடவை கனகமணி பி.ஏ. படிக்கும்போது, ஒரு தடவை அப்பா செத்த பதினாறாம் நாள். இரண்டு தடவையும் கனகமணி கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

பட்டியலைச் சென்னியப்பனிடம் திருப்பிக் கொடுத்தபோது அந்த ஒரு வரியைத் திருத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

அதிலிருந்துதான் தொந்தரவு ஆரம்பித்தது. ஜே 14-இல் உட்காராதவர்களே ஊரில் இல்லை என்கிற மாதிரி வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவரை நிறுத்தினார்கள். உங்கம்மா புளி கரைக்கறதைப் பத்தி நெனச்சுட்டு நிக்கறாங்க, பாவமா இருக்குது என்றார் பூக்காரர். குடம் கனக்குதுன்னு நெனச்சாங்க என்றார் தபால்காரர். உங்களைத்தான் பாத்துட்டு இருந்தாங்க, ரெண்டு கண்ணும் உங்க மேலதான் என்று ரேஷன் கடை எழுத்தர் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டவர் போல அவசரமாகக் கடைக்குள் போய்விட்டார். எல்லோரும் ஒரு துண்டைச் சொன்னார்கள், சொல்லி முடித்ததும் எல்லோருக்கும் அவசர வேலை இருந்தது. கனகமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவின் தலைக்குள் ஊரே போய் உட்கார்ந்துவிட்டு வந்து எனக்குச் சுருக்கம் சொல்கிறது என்று துறையில் கத்தினார், கதைச் சுருக்கம் எழுதாதீர்கள் என்றுதானே பத்தொன்பது வருசமாகச் சொல்கிறேன் என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மின்விசிறியிடம் சொன்னார்.

அந்தக் காட்சியில் அவரும் இருந்தார். அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்திருந்த குழந்தை அவர்தான், அதற்கும் கே 2 என்று ஓர் இருக்கை இருந்தது. அதில் வந்து உட்காரும்படி சென்னியப்பன் சொல்லியனுப்பியபோது, முப்பத்தெட்டு வருசமாக அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு டிக்கெட் வேண்டாம் என்று பதில் அனுப்பினார். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது அவருக்கு: கூட்டத்தின் தலைகள், வெயில், மரத்தில் கட்டிய கதாநாயகன், தூரத்தில் குடத்தோடு அம்மா. அப்பாவின் முகம் மட்டும் தெரியாது, அவர் தோள்மேல்தானே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, கோர்ட்டில் புதுப்படத்துக்கு வழி பிறந்துவிட்டது, நாளைக்கு இந்தப் படத்தைத் தூக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும், இரண்டாவது பீரியடை நடத்திவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கனகமணி மதியக் காட்சிக்குப் போனார். ஜே 14 காலியாக இருந்தது. அவர் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த இரண்டு பேர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள்.

வெள்ளைத் திரை. ஒரு மணி நேரம் வெள்ளைத் திரை. சுற்றிலும் மற்றவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள், யாரோ மாட்டைப் போலப் பெருமூச்சு விட்டார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரம் போய்விட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது வெயில் அடித்தது.

நேர் உச்சி வெயில். கீழே இரண்டு வெறுங்கால்கள், புழுதி, சேலைக் கரை. காதுக்குப் பக்கத்தில், அவர் மறந்தே போயிருந்த குரல் ஒன்று, வேகமாக, எரிச்சலாக.

"குடத்தை அந்தக் கைக்கு மாத்தக்கூடாதுங்கறான் சினிமாக்காரன். இந்தக் கையில நேத்து அடிச்ச எடம் உரசுது. நிமிராதே, எதுத்தாப்புல நிக்கறாரு. நிமிந்துட்டேன்."

எதிரே ஆண்கள் வரிசையில் நாச்சிமுத்து நின்றார். கனகமணி அந்த முகத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. நெற்றியும் மீசையும் அப்பாவுடையதுதான், கண் வேறு யாருடையதோ. கூட்டம் முழுக்க மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் இந்தப் பக்கமாக, நேராக, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்காம வந்து நின்னதுக்கு ஒரு அடி இருக்குது. சோறு ஆறிப்போனதுக்கு ஒண்ணு. புளியைக் கரைச்சு வெச்சுட்டு வந்திருந்தா அதுல ஒண்ணு கொறஞ்சிருக்கும். முந்தாநேத்துத் தறிக்கட்டை. இன்னிக்கு என்னான்னு தெரியலை."

பார்வை மேலே ஏறியது. அவர் தோள்மேல் ஒரு பெண்குழந்தை, வாயெல்லாம் பல்லாக, இரண்டு கையாலும் அவர் தலைமுடியைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டு. பார்வை இறங்கிக் குழந்தையின் கணுக்கால்களில் நின்றது, அவற்றைப் பிடித்திருந்த இரண்டு பெரிய கைகளில் நின்றது.

"எப்படிப் புடிச்சிருக்காரு பாரு. கோழிக்குஞ்சைப் புடிக்கற மாதிரி. அதை அடிக்க மாட்டாரு. இன்னி வரைக்கும் அடிச்சதில்லை. என்னைத்தான். அதை அடிக்க மாட்டாரு. அடிக்க மாட்டாரு."

மறுபடியும் வெள்ளை.

படம் முடிகிற வரைக்கும் கனகமணி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது வராந்தாவில் கூட்டம் நின்றது, அவர் உள்ளே போன செய்தி அதற்குள் ஊருக்குப் போயிருந்தது. பூக்காரர் நின்றார், தபால்காரர் நின்றார், அப்பாவின் தம்பி மனைவி ராமாத்தாள், அவரைச் சின்னம்மா என்றுதான் கனகமணி கூப்பிடுவார், சுவரோரமாக நின்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்த சீட்டில் மொத்தம் எத்தனை பேர் உட்கார்ந்தீர்கள் என்று கனகமணி கேட்டார். சென்னியப்பன் தயங்கி, அறுபது பேருக்குக் குறையாது என்றார்.

"அறுபது பேரும் புளியை மட்டுந்தான் பாத்தீங்களா?"

அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று நிற்காமல் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தாவிக்கொண்டே போனது. சின்னம்மாவிடம் வந்து நின்றது. உனக்கு சீட்டுல உக்காந்துதான் தெரியோணுமா, பக்கத்து வீட்டுலதானே இருந்தே, சத்தம் கேக்கலையா என்றார். ராமாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கேட்டுது கண்ணு. உங்கம்மா போனதுக்கு அப்பறம் உனக்குன்னு இருந்தது ஒரு அப்பன்தான். அதையும் எப்படிப் புடுங்கறது? அதுதான் வேன் ஒண்ணைச் சொல்லி வெச்சோம்."

"அந்த வேனை நான் முப்பத்தெட்டு வருசம் திட்டிட்டு இருந்தேன் சின்னம்மா."

கனகமணி மறுபடியும் தியேட்டருக்குள் போனார். கூட்டத்தில் இருக்கை கிடைக்காத ஒரே ஆள் அப்பா என்பதால், மிச்சமிருந்த எஃப் 9-க்கு நேராகச் சென்னியப்பன் அவர் பெயரை எழுதியிருந்ததைப் பட்டியலில் பார்த்த ஞாபகம் இருந்தது. பல வருசத்துக்கு முன்னாலேயே அடிப்பலகை உடைந்து, வெறும் இரும்புச் சட்டம் மட்டும் இருந்த இருக்கை அது. சில பேர் குந்திப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்று சென்னியப்பன் பின்னாலிருந்து சொன்னார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு அவர் திரும்பினார். அந்த மனிதர் பக்கத்துக் கதை யாருக்கும் கிடைக்கவில்லை, இனிமேலும் கிடைக்காது.

மறுநாள் புதுப்படம் வந்தது. எல்லா இருக்கைகளிலும் எல்லோருக்கும் ஒரே படம் தெரிந்தது. பாதிப்பேர் அதற்கும் சண்டை பிடித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் கனகமணி பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினார். சின்னம்மாதான் முகவரி கொடுத்தார், அது இத்தனை வருசமும் அவர் வீட்டு அரிசிப்பானைக்கு அடியில் இருந்திருக்கிறது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு, வாசலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று சாக்பீஸில் எழுதிய பலகை. கதவைத் திறந்த பூவாத்தாளுக்கு அறுபத்தாறு வயசு, முழங்கை வரைக்கும் மாவு. வா என்றும் சொல்லவில்லை, யார் என்றும் கேட்கவில்லை. செருப்பை உள்ளே கழட்டாதே, இப்பத்தான் தொடச்சேன் என்றாள்.

கனகமணி செருப்பை வெளியே கழட்டிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, தியேட்டர் விஷயத்தைச் சொன்னார். பூவாத்தாளுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. அறுபது பேர் தன் தலைக்குள் வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்னைக் கேட்டாங்களா, ஒரு வார்த்தை கேக்கோணும்னு ஒருத்தனுக்காச்சும் தோணுச்சா என்று வெகுநேரம் வைதாள். வைது முடித்ததும், கேட்காமலேயே, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கெங்கோ ஆரம்பித்து, நடுவில் இருபது வருசம் தாவி, மாவு மிஷின் வாங்கிய கதைக்குள் போய், அங்கிருந்து கல்யாணத்தன்று மழை பெய்ததற்கு வந்து, யார் அவர், எந்த அவர் என்று எதுவும் சொல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். கால வரிசை, சொல்கிறவரின் நிலை, இதையெல்லாம் பத்தொன்பது வருசம் நடத்திய கனகமணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை, அது எப்போ நடந்தது என்று கேட்டார். நான் சொல்லிட்டு இருக்கறப்ப குறுக்கே பேசாதே என்று பூவாத்தாள் அதட்டினாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

மாவு கேட்டு இரண்டு பேர் வந்துபோனார்கள். மதியம் ஆயிற்று. பூவாத்தாள் பேச்சை நிறுத்தினாள். கிரைண்டரின் விளிம்பில் காய்ந்த மாவை நகத்தால் சுரண்டியபடி, மகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"உன்னை அடிச்சாரா?"

"ஒருக்காகூட இல்லைம்மா."

"பொய் சொல்லாதே. என்னை நோகக்கூடாதுன்னு சொல்லாதே. நான் அன்னிக்கு ஒண்ணு நெனச்சுட்டு உன்னை அவருகிட்ட உட்டுட்டு வந்தேன். அது சரியா தப்பான்னு சொல்ல எனக்கு ஆள் இல்லை. ரெண்டு தடவை கேக்கத்தான் வந்தேன். நீ கதவைச் சாத்திட்டே."

சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாள்கள் இரண்டும் கனகமணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தன, அந்தப் பக்கம் நின்றவள் என்ன கேட்க வந்தாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பிறகு சொன்னார். தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால் அப்பா தறிக்குடோனிலிருந்து ஓடி வருவார் என்று சொன்னார். கையில் இருக்கிற தறி எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவி, அப்புறம்தான் தலையைத் தொடுவார். இரட்டைச் சடை. வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே பின்னுவார். ஒரு சடை எப்போதும் காதுக்கு மேலே இருக்கும், இன்னொன்று காதுக்குக் கீழே இருக்கும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒன்பதாவது வரைக்கும் அவர்தான் பின்னினார்.

பூவாத்தாள் அவரை வெறித்துப் பார்த்தாள்.

"அந்த மனுசனா?"

"ஆமா."

"அந்தக் கையாலயா?"

"அந்தக் கையாலதாம்மா."

எனக்குத் தெரிஞ்ச மனுசன் அவரில்லை என்று பூவாத்தாள் கடுப்போடு சொன்னாள். நீ சொன்ன மனுசனை எனக்கும் தெரியாது என்றார் கனகமணி. வெளியே யாரோ மாவு இருக்கிறதா என்று கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. பிறகு பூவாத்தாள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள்.